நடுவில் வெள்ளை விழாமல் அச்சு எடுப்பது எப்படி?

 

போன வாரம் நம் குழுவில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் படம் சுற்றியது. காவி நிறத்தில் கொடியும் இலையுமாக ஒரு பின்னணி, அதில் ஒளிந்திருக்கும் ஒரு கிளி. "டீச்சர், இது ஆப்செட்டா, ஸ்கிரீனா?" என்று பத்துப் பேராவது கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. கையால் எடுத்த அச்சு. 250 பத்திரிகைக்கும் ஒவ்வொன்றாக மை ஒத்தி, தாள் போட்டு, தேய்த்து எடுத்தது. "எப்படி எடுத்தீர்கள்? நாங்கள் ஆன்லைனில் வாங்கிய பெரிய ரப்பர் ஸ்டாம்ப் திட்டுத் திட்டாக விழுகிறதே" என்று வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பெண்களும் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீண்ட பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த அச்சுக்கட்டையின் கதை.

மலையில் என்னிடம் படித்தவர்களுக்குப் பொங்கல் வாழ்த்து வகுப்பு நினைவிருக்கும். தொண்ணூறுகளில் வெள்ளிமலைப் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். மார்கழி பிறந்தால் கச்சிராயபாளையம் கடைகளில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் கயிற்றில் தொங்கும். சிவகாசியில் அச்சடித்து வந்த கரும்பு, பானை, சூரியன், சினிமா நடிகர்கள். விடுதிப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வருவார்கள், வாங்கக் காசு இருக்காது. அதனால் நாமே செய்தோம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. உருளைக்கிழங்கில் பானை. அறுந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் கரும்பு. பஞ்சரான சைக்கிள் ட்யூபைக் கத்தரித்துப் பலகையில் ஒட்டினால் கோலம். பத்துப் பைசா செலவில்லை.

மைக்கும் மலையிலேயே வழி இருந்தது. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கி விற்பது பல வீடுகளில் வருமானம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கை கொண்டுவருவார்கள். நசுக்கி ஊறவைத்து, துருப்பிடித்த ஆணிகளைப் போட்டுச் சில நாள் விட்டால் கறுத்துவிடும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருப்பு. கலம்காரித் துணிக்காரர்கள் காலங்காலமாகத் துணியைக் கடுக்காயில் தோய்த்துக்கொண்டு, இரும்பும் வெல்லமும் புளிக்கவைத்த நீரால் கருப்பு எழுதுவதும் இதே சங்கதிதான். அந்த வகுப்பில் இருந்த ஒரு பையன் இன்று மலையிலேயே ஆசிரியராக இருக்கிறான். அவன் இந்தக் கதையில் பிறகு வருவான்.

பிறகு எனக்குக் கள்ளக்குறிச்சிக்கு மாறுதல் வந்தது. அப்போது நாம் விழுப்புரம் மாவட்டம். தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல். டவுன் பள்ளியிலும் பொங்கல் வாழ்த்து வகுப்பை விடவில்லை. 2007 என்று நினைவு, ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா பள்ளிக்கு வந்தார். மரச்சிற்பக்காரர். நம் ஊர், சின்னசேலம் பக்கமெல்லாம் எத்தனை பட்டறைகள் என்று உங்களுக்கே தெரியும். நம் மரச்சிற்பத்துக்கு இப்போது புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அப்போது அதெல்லாம் இல்லை. சுவாமி சிலையும் கதவு நிலையும் செதுக்கிக்கொண்டு அமைதியாக இருந்தவர். பிள்ளைகளின் சைக்கிள் ட்யூப் அச்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு போஸ்ட் கார்டை வாங்கி அளவு பார்த்தார். பேசாமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் மகள் கையில் ஒரு கட்டை கொடுத்தனுப்பினார். தேக்குப் பலகை. சரியாகப் போஸ்ட் கார்டு அளவு, 14 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர். முழுக்கக் கொடிக்கருக்கு. கோயில் தூணில் இருக்குமே, சுருண்டு சுருண்டு போகும் கொடி, அது. நடுவில் இலைக்குள் இலையாக ஒரு கிளி. உடனே தெரியாது. தேடினால்தான் தெரியும். "கிளி எங்கேன்னு கண்டுபிடிக்கிறவங்களுக்கு முதல் அட்டை" என்று நான் வகுப்பில் வைத்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

நான் ஓய்வுபெற்றபோது கட்டையைப் பெட்டியோடு அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டேன். அவள் வீட்டில் சமையலறைப் பரணில் வைத்திருந்தார்கள். அப்பா இரண்டு வருடம் முன்பு காலமானார். இப்போது அவளுக்கு மாசியில் கல்யாணம். பேரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் செட்டுக்கு எழுதாமலே தெரியும்.

பத்திரிகையில் அப்பா பேருக்கு முன்னால் "தெய்வத்திரு" என்று போடுவார்கள் அல்லவா. அதோடு அப்பாவின் கை வேலையும் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கட்டையை எடுத்து, ஸ்டாம்ப் பேடில் ஒத்தி, பலங்கொண்ட மட்டும் அழுத்திப் பார்த்திருக்கிறாள். ஓரமெல்லாம் கரேல் என்று அப்பிக்கொண்டது. நடுவில் வெள்ளை. பத்து முறை எடுத்தும் அப்படியே. எனக்குப் போன் போட்டாள். "டீச்சர், கிளியே வரலை. அப்பா செதுக்கினது தேஞ்சு போச்சா?" அதற்கு மேல் பேச முடியவில்லை அவளால்.

கட்டையோடு வரச் சொன்னேன். வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். செதுக்கல் கொஞ்சமும் தேயவில்லை. கிளியின் கண் கூட அப்படியே இருந்தது. ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்திக் கட்டையின் குறுக்கே வைத்தேன். ஸ்கேலுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. இரண்டு போஸ்ட் கார்டு கனம் இருக்கும். மரம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். பலகையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட அதிகமாகக் காய்ந்தால் காய்ந்த பக்கம் சுருங்கும், அந்தப் பக்கமே குழியும். பரண் சூட்டில் பல வருடம் இருந்ததில் செதுக்கிய முகம் லேசாகக் குழிந்துவிட்டது. குழியில் இருந்தது கிளி.

இனி பாடம். பெரிய அச்சு ஏன் திட்டுத் திட்டாக விழுகிறது? மரம் வளையாவிட்டாலும், புது ரப்பராகவே இருந்தாலும் இந்தத் தொல்லை உண்டு. இதில் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் கணக்கு. ஆபீஸ் முத்திரை ஒன்று 3 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 10 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1,670 கிராம் விழுகிறது. நம் கட்டை 14-க்கு 9. பரப்பு 126. அதே 10 கிலோ இங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 79 கிராம். 21-ல் ஒரு பங்கு! கை அதே கைதான், அச்சுதான் 21 மடங்கு பெரிது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று அறிவியல் ஆசிரியர் சொன்னது இதுதான். அதனால் பெரிய அச்சை முழுவதும் ஒரே சமயத்தில் அழுத்த நினைப்பது கைக்குச் செய்யும் அநியாயம். நின்றுகொண்டு உடம்பையே சாய்த்தாலும் ஓரத்துக்குப் போகும், நடுவுக்குப் போகாது.

இரண்டாவது காரணம், மை பூசும் முறை. சின்ன முத்திரையைப் பேடில் ஒத்துகிறோம். பெரிய அச்சைப் பேடில் ஒத்தினால், பேடின் சட்டம் இடிக்கும், ஓரம் இரண்டு முறை மை வாங்கும், நடுவில் ஒரு முறை கூட வாங்காது. ஆகவே தலைகீழாகச் செய்ய வேண்டும். அச்சை முகம் மேலே பார்க்க மேசையில் வைத்துவிட்டு, மையை அதன் மேல் கொண்டுவர வேண்டும். பேட் சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒத்தி ஒத்தி எல்லா இடத்துக்கும் போகலாம். தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மை கோட்டின் விளிம்பில் மேடு கட்டும், பள்ளத்தில் இறங்கும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் "தம்பிரான் வணக்கம்" 1578-ல் கொல்லத்தில் அச்சானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் வைத்து 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை முடித்தார். அந்தக் காலத்துக் கை அச்சகங்களில் எழுத்துப் பலகை முழுவதும் மை பூச என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? தோலுக்குள் கம்பளி திணித்த இரண்டு பந்துகள், கைப்பிடியோடு. ஒன்றோடொன்று தட்டி மையைச் சமப்படுத்திக்கொண்டு, எழுத்தின் மேல் ஒத்திக்கொண்டே போவார்கள். உருளை வந்து அந்தப் பந்தை ஓரங்கட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். முந்நூறு வருடத்துக்கு மேல் உலகத்தின் புத்தகமெல்லாம் ஒத்தி எடுத்ததுதான்.

துணி அச்சிலும் பாருங்கள். ராஜஸ்தானில் சாங்கானேர், பக்ரு போன்ற ஊர்களில் மரக்கட்டையால் துணியில் அச்சடிக்கிறார்கள். சாயத் தட்டில் சாயம் குளம் போல் நிற்காது. கம்பளியோ சாக்கோ விரித்து அதில் சாயத்தை ஊறவிட்டிருப்பார்கள். கட்டை மெத்தென்ற இடத்தில் படும்போது எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சமாக மை வாங்கும். பெரிய கட்டைகளில் சிறு சிறு துளைகள் போட்டிருப்பார்கள், உள்ளே மாட்டும் காற்று வெளியேற. முழுசாக நிறம் நிரப்ப வேண்டிய கட்டையில் மரத்துக்குப் பதில் கம்பளி நமதாவைப் பதித்துவிடுவார்கள், ஏனென்றால் அகலமான வழுவழுப்பு மரம் சாயத்தைச் சமமாகப் பிடிக்காது. பெரிய பரப்பு என்றாலே மென்மை வேண்டும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

மூன்றாவது காரணம், அச்சைத் தாளின் மேல் வைப்பது. பெரிய அச்சுக்குத் தாளைத்தான் அச்சின் மேல் வைக்க வேண்டும். மை பூசிய அச்சு மேசையில் மல்லாக்கக் கிடக்கட்டும். தாளை மெதுவாக மேலே இறக்கி, அதன் மேல் வேறொரு வெற்றுத் தாளைப் போட்டு, ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பூனின் முதுகால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஸ்பூன் ஒரு நேரத்தில் தொடுவது ஒரு சதுர சென்டிமீட்டர்தான். கையின் பலம் முழுவதும் அந்த ஒரு இடத்தில் இறங்கும். இப்போது அந்த 21 மடங்குக் கணக்கு நம் பக்கம் வந்துவிட்டது பாருங்கள். ஜப்பானில் மரக்கட்டை அச்சுக்காரர்கள் மூங்கில் மட்டையால் மூடிய வட்டத் தட்டு ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறார்கள், பாரென் என்று பெயர். நமக்கு எவர்சில்வர் ஸ்பூன் போதும்.

குழிந்த கட்டைக்கும் இதுவே மருந்து. மேலிருந்து அழுத்தினால் கட்டையின் குழி தாளைத் தொடாது. தாளை மேலே போட்டுத் தேய்த்தால், தாள்தான் குழிக்குள் இறங்கிப் போகும். அதற்குத் தாள் மெல்லியதாக இருக்க வேண்டும். பத்திரிகை அட்டை தடிமன், வளையாது. அதனால் புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதத்தில் மெல்லிய வகையாக வாங்கினோம். அதில் அச்செடுத்து, காய்ந்த பிறகு பத்திரிகையின் முகப்பில் ஒட்டுவது என்று முடிவு. கைக்காகிதம் மையை நன்றாக உறிஞ்சும். தேய்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஈரத்துணிக்கு நடுவே வைத்து லேசாகப் பதப்படுத்திக்கொண்டோம். பழைய கை அச்சகங்களிலும் தாளை நனைத்துத்தான் அச்சடித்தார்கள்.

முதல் சோதனை அன்றைக்கே. ஸ்பஞ்சுத் துண்டை என் பழைய பட்டுப் புடவைத் துணியில் சுற்றிக் கட்டி ஒரு மைப்பந்து செய்தேன். பஞ்சும் பருத்தியும் நூல் உதிர்க்கும், பட்டு உதிர்க்காது. நடுக் குழிக்கும் அது வளைந்து போகும். மை ஒத்தி, தாள் போட்டு, ஸ்பூனை அவள் கையில் கொடுத்தேன். தேய்த்தாள். ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினாள்.

கிளி வந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நானும் எழுந்து டீ போடப் போய்விட்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேலை. அவள் தம்பி, "ஒரு நல்ல அச்சை ஸ்கேன் பண்ணி ஆப்செட்டில் அடிச்சா ஒரே நாளில் முடியும் டீச்சர், செலவும் குறைவு" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. நல்ல அச்சு ஒன்றை ஸ்கேன் எடுத்து மூன்று இடத்தில் பத்திரப்படுத்தியும் இருக்கிறோம். கட்டைக்கு ஏதாவது ஆனால் அதுவாவது இருக்கட்டும். ஆனால் அவள், "தம்பி, மொத்தம் 750 பத்திரிகை. 500-ஐ நீ ஆப்செட்டில் அடி. 250 பேர் அப்பாவை நேரில் பார்த்துப் பழகினவங்க. அவங்களுக்குக் கட்டையில இருந்தே போகட்டும்" என்றாள். எனக்கு நியாயமாகப் பட்டது. பத்திரிகை வைக்கப் போகிற இடத்தில், "இது அவர் செதுக்கின கட்டையில எடுத்தது" என்று சொல்லிக் கொடுப்பதற்கும் சும்மா கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா.

அவள் அத்தை ஒருவர், "மார்கழியில பத்திரிகை வேலை தொடங்கலாமா?" என்று தயங்கினார். "இது பத்திரிகை இல்லைங்க, வெறும் தாள்தான். பத்திரிகை வாசகம் தை பிறந்த பிறகுதான்" என்றேன். சமாதானமாகிவிட்டார்.

குழுவில் இரண்டு வரி போட்டேன். நான்கு பேர் வந்தார்கள். மலை ஆசிரியர், அதாவது செருப்பு அடிப்பாகத்தில் கரும்பு வெட்டிய அந்தப் பையன், காலை முதல் பஸ்ஸில் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தான். தலையில் நரை தெரிகிறது, எனக்கு இன்னும் பையன்தான். அச்சகம் வைத்திருக்கும் ஒருவன் காவி நிற ஆப்செட் மையை ஒரு டப்பா மூடியில் கொண்டுவந்தான். மரத்துக்கு எண்ணெய் மைதான் நல்லது. தண்ணீர் மை மரத்தை ஊறவைத்து இன்னும் வளைக்கும். ஆப்செட் மை கெட்டி, அதனால் ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கண்ணாடியின் மேல் கத்தியால் குழைத்தோம். மைப்பந்தைக் கண்ணாடியில் தட்டித் தட்டி, மை மெல்லிய ஏடாகப் பரவிய பிறகே கட்டையில் ஒத்தினோம்.

என் வீட்டுத் திண்ணையில் மூன்று இடம். ஒருவர் மை ஒத்துவது, ஒருவர் தாள் போட்டுத் தேய்ப்பது, ஒருவர் தூக்கிக் கொடியில் கிளிப் மாட்டுவது. மை ஒத்தியதும் கட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மை பட்ட இடம் ஈரமாக மின்னும், படாத இடம் மங்கலாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் இன்னொரு ஒத்து. மலைப் பையன்தான் மை ஒத்தும் இடத்தில் உட்கார்ந்தான். தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டே இருந்தான். "தட்டணும், தேய்க்கக் கூடாதுன்னு நீங்க அன்னைக்குத் திட்டினது இன்னும் காதுல இருக்கு டீச்சர். இப்ப நான் அதையே சொல்லித் திட்டறேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

மணிக்கு 20 தாள் வந்தது. இரண்டு நாளில் 288 எடுத்தோம். 38 கழிந்தது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதல் இரண்டு மூன்று தாள் வெளிறித்தான் வரும். கட்டை மையைக் குடித்துப் பழகும் வரை அப்படித்தான். அதற்குப் பழைய தாளை வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தாளை வீணாக்காதீர்கள். சுமார் 30 தாளுக்கு ஒரு முறை பள்ளத்தில் சேர்ந்த மையைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தோம். மார்கழிப் பனிக்கு மை காய இரண்டு நாள் போல் ஆனது. இரவில் தாள்களை வீட்டுக்குள் கட்டிய கொடிக்கு மாற்றினோம்.

இரண்டாம் நாள் மாலை அவள் அம்மா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். கொடியில் தொங்கிய தாள்களைப் பார்த்தபடி நின்றார். ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கிட்டத்தில் பார்த்தார். "கிளி மூக்குல உளி ஒரு தடவை வழுக்கிடுச்சு அவருக்கு. 'போச்சுடி'ன்னு அன்னைக்கு ராத்திரி சாப்பிடக்கூட இல்லை. அது கூட வந்திருக்கே" என்றார். நான் அந்தக் கட்டையை எத்தனை வருடம் வகுப்பில் வைத்திருந்தேன், அந்தக் கீறல் என் கண்ணில் பட்டதே இல்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். மூக்கின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. சீராக மை பிடித்து, சரியாகத் தேய்த்ததால்தான் அது தெரிந்தது. மை கொஞ்சம் கூடியிருந்தாலும் அடைந்து போயிருக்கும். குறைந்திருந்தால் மூக்கே வந்திருக்காது.

சரி. இப்போது ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு. மரத்துக்குச் சொன்னதில் சிலது ரப்பருக்கு ஆகாது. கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. புது ரப்பர் பளபளவென்று இருந்தால் மை ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் முகம் முழுவதும் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். மின்னல் போனால் மை பிடிக்கும்.

2. அச்சை மல்லாக்க வைத்து, பேடைக் கையில் எடுத்து அதன் மேல் ஒத்துங்கள். ஒரு முறை இடமிருந்து வலம், ஒரு முறை மேலிருந்து கீழ். ஒரு இடத்தில் ஒத்தியது அடுத்த ஒத்தலின் பாதியை மூடட்டும். அழுத்த வேண்டாம், தட்டினால் போதும்.

3. உருளை வைத்திருந்தால் மையைக் கண்ணாடியில் உருட்டிப் பரப்பிவிட்டு அச்சில் உருட்டுங்கள். கண்ணாடியில் உருட்டும்போது பட்டுத்துணி கிழிவது போல் மெல்லிய சத்தம் வந்தால் மை சரியான கனத்தில் இருக்கிறது. சளசள என்றால் அதிகம்.

4. சீக்கிரம் காயும் மை பெரிய அச்சுக்கு எதிரி. ஒரு ஓரம் முடித்து மறு ஓரம் வருவதற்குள் முதல் ஓரம் காய்ந்துவிடும். மெதுவாகக் காயும் பிக்மென்ட் மை வாங்குங்கள். போஸ்டர் கலர்தான் இருக்கிறது என்றால் கிளிசரின் இரண்டு சொட்டு கலந்துகொள்ளுங்கள், ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும். ஹீட்டர் போட்ட அறையிலும் ஃபேனுக்கு அடியிலும் உட்கார வேண்டாம்.

5. தாளை அச்சின் மேல் போட்டுத் தேயுங்கள். தடிமனான அட்டையில் நேரடியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், அச்சை மேலிருந்து வைத்து, அட்டைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது விரியுங்கள். பழைய செய்தித்தாள் பத்துப் பக்கமோ, கம்ப்யூட்டர் மவுஸ் அடியில் போடும் மேட்டோ போதும். பிறகு அச்சின் முதுகில் ஒரே இடத்தில் அழுத்தாமல், நடுவில் தொடங்கி ஓரம் வரை கையை நகர்த்தி நகர்த்தி அழுத்துங்கள்.

6. வழுவழுப்பான பளபளத் தாள் வேண்டாம். தாள் நழுவும், மை காயாது.

7. ரப்பரை மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ துடைக்கவே கூடாது. ரப்பர் உப்பி உருவம் கெட்டுவிடும். ஈரத்துணி, தேவைப்பட்டால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். மரக்கட்டைக்கு மட்டும் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தோம்.

8. அச்சை வெயிலிலும் பரணிலும் வைக்காதீர்கள். மரமானால் வளையும், ரப்பரானால் வெடிக்கும்.

9. எழுத்து உள்ள அச்சை நீங்களே வெட்டினால் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி வெட்ட வேண்டும். உருளைக்கிழங்கில் "பொங்கல்" வெட்டிய செட்டுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்!

கட்டை இப்போது அவளிடம் பத்திரமாக இருக்கிறது. பரணில் இல்லை, பீரோவில், புடவைகளுக்கு நடுவே. கல்யாணம் முடிந்து அவள் பெங்களூர் போகும்போது கட்டையும் கூடப் போகிறது. போவதற்கு முன் மலை ஆசிரியர் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறான். அவன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கட்டையைக் காட்ட வேண்டுமாம். அவள் தானே எடுத்துக்கொண்டு மலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் இப்போதே சைக்கிள் ட்யூப் சேர்க்கத் தொடங்கிவிட்டார்களாம். வெண்டைக்காய்க்கு நான் பொறுப்பு.

அன்று வர முடிகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கச்சிராயபாளையத்தில் சேர்ந்து ஒரே வண்டியில் போகலாம். வர முடியாத தூரத்தில் இருப்பவர்கள் உங்கள் ஸ்டாம்ப்பில் எடுத்த அச்சைப் படம் பிடித்துப் போடுங்கள். நடுவில் வெள்ளை விழுந்தாலும் பரவாயில்லை, போடுங்கள். எங்கே கை குறைந்தது என்று பார்த்துச் சொல்கிறேன். ஓய்வுபெற்றாலும் நோட்டுத் திருத்தும் ஆசை போகவில்லை எனக்கு.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டிராயிங் டீச்சர்